ஆடுவோனும் பார்ப்போரும்

கித்துல்கலையில் களனி கங்கை பாறைகளினூடே நுரைத்துப் பாய்கிறது. 1957-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்திற்காகப் பாலமொன்றைக் கட்டி, வெடிவைத்துத் தகர்த்தது இவ்விடத்திலேதான். இன்றோ, இரப்பர்ப் படகுச் சவாரிக்காகவே பலர் இங்கு வருகின்றனர். படகின் பின்புறத்தில் அமர்ந்திருக்கும் வழிகாட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? துடுப்பு வலிக்கச் சொல்வான். வரப்போகும் பாறையை முன்னதாகவே உணர்த்துவான். அஞ்சியவரைச் சிரிக்க வைப்பான். அவன் வாய்மூடி இருந்தால் சவாரியின் சுவை பாதியாகிவிடும்.

காணொளி விளையாட்டை ஆடியபடியே இணையத்தில் நேரடியாக ஒளிபரப்ப விழையும் இளைஞர்களுக்கும் இதுவே பாடம். 2011-இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ட்விச்’ என்னும் தளம் இக்கலையை உலகெங்கும் பரப்பிற்று. 2014-இல் அமேசான் நிறுவனம் சுமார் 97 கோடி டாலருக்கு அதனை வாங்கியது. பிறர் ஆடுவதைப் பார்க்க இத்தனை பேரா என்று பெரியோர் வியக்கலாம். கிரிக்கெட் வர்ணனை கேட்க வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்தவர்கள் நாமல்லவா?

ஆட்டத் திறமை மட்டும் பார்ப்போரைக் கட்டிவைக்காது. ஏன் இந்த வழியில் செல்கிறோம், எதற்கு அஞ்சுகிறோம் என்பதை ஆடுவோன் வாய்விட்டுச் சொல்லவேண்டும். வந்தவரைப் பெயர் சொல்லி வரவேற்று, அவர் எழுதும் வினாவுக்கு விடை கூறவேண்டும். ஒளிபரப்பு பார்ப்போரை அடையச் சில விநாடிகள் தாமதமாகும்; ஆகவே கேள்வி கேட்டவுடன் பதிலை எதிர்பாராமல், பேச்சைத் தொடர்ந்துகொண்டே காத்திருப்பது அவசியம். படம் சற்று மங்கினாலும் பொறுப்பார்கள். குரல் தெளிவற்றுப்போனால் எழுந்துவிடுவார்கள். குறித்த நாளில், குறித்த நேரத்தில் தோன்றுவது நம்பிக்கையை வளர்க்கும். தோற்கும்போது சிரிக்கத் தெரிந்தவனுக்கே நண்பர்கள் மிகுதி.

யாவற்றினும் மேலானது நாவடக்கம். 2021 ஜூன் மாதத்தில், இத்தகைய ஒளிபரப்பில் ஆபாசமாகப் பேசியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தமிழ்நாட்டில் ஒருவர் கைதானார். அவரைப் பார்த்துவந்தவர்களுள் சிறுவர்களும் இருந்தனர் என்பதே வருந்தத்தக்கது. பெற்றோரே, உங்கள் பிள்ளை பார்க்கும் ஒளிபரப்பை ஒருநாளாவது உடனிருந்து கேளுங்கள். மாணவர்களே, வீட்டு முகவரியையும் பாடசாலைப் பெயரையும் அந்நியர் முன் சொல்லாதீர்கள். படிப்பு நேரத்தை விளையாட்டுக்குக் கடன் கொடுக்காதீர்கள்.

படகோட்டி தன் திறமையைக் காட்டுவதற்காகச் சுழியில் இறங்குவதில்லை. ஏறியவர்களைப் பத்திரமாகக் கரைசேர்ப்பதே அவன் பெருமை. ஒளிபரப்புவோனின் பெருமையும் அதுவே.