தொண்ணூறு நாள் ஆச்சி

இலத்தூரிலிருந்து ஹாலே வரை – 9

ஜெர்மனியில் கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு படிக்கிற தமிழ்க் குடும்பங்கள் இரண்டு சந்தித்தால் பேச்சு பரீட்சையில் தொடங்காது. "ஊர்லருந்து அம்மா எப்ப வாராங்க? வந்தாச்சுன்னா எத்தன நாள் மிச்சம் இருக்கு?" என்றுதான் தொடங்கும். ஷெங்கன் விசாவில் வரும் விருந்தாளி, எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள்தான் இங்கே இருக்கலாம். இறங்குகிற நாளும் கணக்கு, ஏறுகிற நாளும் கணக்கு. இதைக் கூட்டிக் கழித்துச் சொல்ல ஐரோப்பிய ஆணையமே இணையத்தில் ஒரு கணிப்பானை வைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் பஞ்சாங்கத்தைவிட அதைத்தான் அதிகம் பார்த்திருப்போம். பெண்ணைப் பெற்றவர் முதல் 90 நாள், அவர் விமானம் ஏறிய வாரமே மாப்பிள்ளையைப் பெற்றவர் அடுத்த 90 நாள் என்று வரவழைக்க முடிந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஒரு செமஸ்டரைத் தாண்டிவிடுவார்கள். எங்கள் நெல்லைச் சீமையில் பிள்ளைக்கு இரண்டு பேருமே ஆச்சிதான்.

போன வாரம் மகன் பிறந்ததோடு நிறுத்தியிருந்தேன். ஹாலேயில் பிறந்தாலும் அவன் இந்தியன். பெற்றவர்கள் இருவரும் சில வருடத்து விசாவில் வந்தவர்கள் என்பதால் ஜெர்மன் குடியுரிமை கிடையாது. ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும் என்கிறது நம் குடியுரிமைச் சட்டம், பதிந்தோம். இங்கே 2018 ஜனவரியிலிருந்து பேறுகாலப் பாதுகாப்புச் சட்டம் மாணவிகளுக்கும் பொருந்தும். பிரசவத்துக்கு முன் ஆறு வாரம், பின் எட்டு வாரம் யாரும் நம்மைப் பரீட்சைக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. இந்தியாவிலும் 2016 முதல் முனைவர் பட்ட ஆய்வு மாணவிக்கு 240 நாள் விடுப்பு உண்டு. இந்தச் சட்டங்களுக்கெல்லாம் பிரசவம் கண்ணில் படுகிறது. பிள்ளை எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு படிப்பு படும் பாடு அவ்வளவாகப் படுவதில்லை.

எங்கள் வீட்டு நிலவரம் இது. நான் பாலிமர் அறிவியல் முதுகலை. கணவருக்கு விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் வேலை. லைப்சிக்–ஹாலே விமான நிலையத்தில் சரக்கு விமானப் போக்குவரத்து பெரும்பாலும் இரவில்தான். அவர் வேலையும் இரவில். காலையில் அவர் கண்ணெரிய உள்ளே வரும்போது நான் பையை மாட்டிக்கொண்டு வெளியே போக வேண்டும். நடுவில் நிற்கிறவனுக்கு அப்போதுதான் பொழுது விடிந்திருக்கும், விளையாட ஆள் வேண்டும்.

ஆகவே அம்மாவை அழைத்தோம். இலத்தூரிலிருந்து அம்மா கிளம்பிய கதையைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கே விசா மையம், கைரேகை. கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. அழைக்கிறவர் செலவை ஏற்கிறேன் என்று இங்குள்ள அயல்நாட்டினர் அலுவலகத்தில் உறுதிப் பத்திரம் கொடுக்கலாம். அதற்குச் சம்பளம் வேண்டும், மாணவியிடம் அது ஏது? கணவர் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தார். தம்பியின் வங்கிக் கணக்கைக் காட்டினோம். எல்லாவற்றுக்கும் மேல், போனவர் திரும்பி வருவார் என்பதற்கு ஓர் ஆதாரம் வேண்டும். அம்மா பட்டாவையும் சிட்டாவையும் எடுத்துப் போனார். இலத்தூர்க் குளத்துப் பாசனத்தில் இருக்கிற கொஞ்சம் வயல், அம்மா பெயரில் உள்ளது. இந்த நிலம் இருக்கிறது, இதை விட்டுவிட்டு நான் அங்கேயே தங்கிவிட மாட்டேன் என்று பொருள்.

விசா வந்தது. ஆனால் என் பரீட்சை ஜூலையில். காப்பகத்தில் பிள்ளையைச் சேர்ப்பது ஆகஸ்டில். அம்மா வைகாசிக் கடைசியில் வந்து ஆவணியில் போனால்தான் இரண்டுக்கும் சரிவரும். தென்காசிப் பக்கம் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். அதுதான் கார் சாகுபடிக் காலம். தென்மேற்குப் பருவமழை மலையில் பிடித்து, குற்றாலத்தில் சாரலடித்து, நாற்று பாவி நடவு நடக்கிற மாதங்கள். எந்த வயலைக் காட்டி அம்மா விசா வாங்கினாரோ, அந்த வயலின் நடவுக்கு அம்மா ஊரில் இல்லை. எங்கள் வீட்டில் நடவுக்கு ஆள் சொல்வதும், கூலி பேசுவதும், வரப்பில் நின்று வேலை வாங்குவதும் அம்மாதான். அப்பாவுக்கு வாய் வராது. அப்பாவுக்குப் பொங்கிப் போட அச்சன்புதூரிலிருந்து அத்தை வந்து நின்றார். அத்தை வீட்டுக் கறவை மாட்டைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டார். ஹாலேயில் நான் இரண்டு பாடம் தேறுவதற்கு அச்சன்புதூரில் ஒரு மாடு கைமாற வேண்டியிருந்தது.

காப்பகத்துக்கு வருவோம். ஒரு வயது முடிந்த எந்தக் குழந்தைக்கும் இடம் கேட்கும் சட்ட உரிமை 2013 ஆகஸ்ட் 1 முதல் ஜெர்மனி முழுக்க உண்டு. எங்கள் சாக்ஸனி–அன்ஹால்ட் மாநிலத்தில் பிறந்த நாள் முதலே உண்டு. இது கிழக்கு ஜெர்மனியின் மிச்சம். தாய்மாரெல்லாம் வேலைக்கு வர வேண்டும் என்று நினைத்த அந்த அரசு, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானவர்களைக் காப்பகத்தில் வைத்திருந்தது. நாடு போய்விட்டது, காப்பகங்கள் நின்றுவிட்டன. மேற்கு நகரங்களில் படிக்கிற தோழிகள் இடத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும்போது எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

நானும் இலத்தூரில் பால்வாடியில் வளர்ந்தவள்தான். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு இரண்டும் சேர்ந்து எங்கள் தலைமுறைக்குச் சோறும் பாட்டும் கொடுத்தன. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அதன் கணக்கு இரண்டு வயதுக்கு மேல் பிள்ளையை உட்காரவைப்பது, அதற்குக் கீழே இருந்தால் சத்துமாவு கொடுத்து அனுப்புவது. இரண்டு வயதுக்குக் கீழே பகல் முழுக்க யார் தூக்கி வைத்திருப்பது என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய தேவை இல்லாதபடி திண்ணையில் ஓர் ஆச்சி இருந்தார்.

இங்கே பிள்ளையை முதல் நாளே விட்டுவிட்டு வர முடியாது. பெர்லின் முறை என்று ஒன்று. முதல் மூன்று நாள் பெற்றவரும் அறையிலேயே இருக்க வேண்டும், ஒரு மணி நேரம் போல, பிரிவே கூடாது. நான்காம் நாள் சில நிமிடம் வெளியே போய்ப் பார்க்கலாம். பிள்ளை அழுது, ஆசிரியை தூக்கினால் அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். அடங்கினால் நேரம் நீளும், இல்லையென்றால் பழையபடி உட்கார வேண்டும். வாரக்கணக்கில் போகும். உட்காருவதும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். "ஆச்சியை உட்கார வைக்கலாமா?" என்றேன். இன்னும் கொஞ்ச நாளில் ஊருக்குப் போகிறவர் வேண்டாம் என்றார்கள். நியாயம்தான். அதனால் நான் உள்ளே ஒரு குட்டி நாற்காலியில், அம்மா வெளியே கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம்.

"பிள்ளைய விட்டுட்டு வாரதுக்கு இம்புட்டு நாள் பாடமா? உன்னய நான் ஒரு நாள்ல பால்வாடில விட்டுட்டு வயலுக்குப் போயிட்டேன்" என்றார் அம்மா.

"நான் அழல்லியாம்மா?"

"அழுத. அதுக்கென்ன?"

வயலுக்குப் போக வேண்டியவருக்கு நான்காம் நாள் வரை காத்திருக்கும் வசதி இல்லை என்பது அந்தப் பதிலில் இருக்கிறது. பெர்லின் முறையை மெச்சுகிற நம் நகரத்துப் பள்ளிகள் இதையும் யோசிக்கலாம்.

அந்த 90 நாளில் அம்மா பார்த்த ஹாலே, நான் இத்தனை வருடமும் பார்க்காதது. தள்ளுவண்டியோடு டிராமில் ஏறி, சாலே ஆற்றின் நடுவே இருக்கிற பெய்ஸ்நிட்ஸ் தீவுக்குப் போய்விடுவார். அங்கே பிள்ளைகளுக்கென்று ஒரு சின்ன ரயில் ஓடுகிறது, கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் போட்டது. செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் ரயிலில் ஆரியங்காவுக் குகைக்குள் போய் வளர்ந்தவருக்கு அந்தக் குட்டி ரயில் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. விளையாட்டுத் திடலில் ஒரு துருக்கி ஆச்சி, ஒரு தெலுங்கு அம்மம்மா என்று கூட்டாளிகளும் சேர்ந்தார்கள். மொழி ஒரு பொருட்டாக இருந்ததாகத் தெரியவில்லை. ஃபிராங்கே அறநிலையத்துக்கு மட்டும் நான் கூட்டிப்போனேன். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு படித்த ஊர் இது. அங்கிருந்து வந்த தமிழ் ஓலைச்சுவடிகள் இங்கே ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அநாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இடம் என்று சொன்னதும் அம்மாவுக்கு ஓலையைவிட அதில்தான் கவனம் போயிற்று.

ஊரிலிருந்து வந்த ஒரு பயமும் அம்மாவோடு இறங்கியது. "பிள்ளய அடிச்சா கெவர்மெண்டு தூக்கிட்டுப் போயிருமாம்லா?" நார்வேயில் 2011இல் ஒரு வங்காளத் தம்பதியின் பிள்ளைகள், பெர்லினில் 2021இல் ஒரு குஜராத்தித் தம்பதியின் ஏழு மாதக் குழந்தை என்று நம் பத்திரிகைகளில் வந்த செய்திகள் இலத்தூர் வரை எட்டியிருக்கின்றன. அந்த வழக்குகளின் உள்விவரத்தில் தீர்ப்பு சொல்ல நான் யார். ஆனால் இங்கே 2000ஆம் ஆண்டிலிருந்து பிள்ளையை அடிக்காமல் வளர்ப்பது சட்டம்; அந்தச் சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. தூக்கிப்போகும் என்று நம்மவர்கள் நடுங்குகிற அதே இளைஞர் நல அலுவலகம்தான் காப்பக இடத்துக்கும் பொறுப்பு. அதைச் சொன்ன பிறகு அம்மா அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போது பிள்ளையின் தலையைத் தடவிக் காட்டிக்கொண்டே போனார். எதற்கும் இருக்கட்டும் என்று.

அம்மா போனபின் வந்த குளிர்காலம் எங்களை உண்டு இல்லையென்று ஆக்கிவிட்டது. மாமியாருக்கு முட்டுவலி, பனியில் வரவே மாட்டேன் என்றுவிட்டார். காப்பகத்துக்குப் புதிதாகப் போகிற பிள்ளைக்குச் சளியும் காய்ச்சலும் ஓயாது. காய்ச்சல் என்றால் உடனே கூப்பிட்டுவிடுவார்கள். விட்டு ஒரு நாள் போனால்தான் திரும்பச் சேர்ப்பார்கள். வேலையில் இருக்கிற பெற்றோர் பிள்ளைக்கு நோய் என்று வீட்டில் இருந்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 15 நாள் வரை காப்பீட்டிலிருந்து ஈட்டுத்தொகை வரும். 2024லிருந்து அந்தக் கணக்கு. மாணவிக்கு அது இல்லை. இழக்கச் சம்பளம் இருந்தால்தானே ஈடு கொடுக்க? ஆய்வகத்தில் நான் தவறவிட்ட நாளை யாரும் யூரோவில் எழுதவில்லை. பிப்ரவரி பரீட்சையும் காய்ச்சல் சீசனும் இங்கே ஒன்றாகவே வருகின்றன.

இதற்கு நூறு வருடம் முன்பே நம் பெண்ணொருத்தி பிள்ளைகளோடு அயல்நாட்டில் படித்திருக்கிறார். 1925இல் அரசு உதவித்தொகையில் லண்டன் செல்ஸீ மருத்துவமனைக்கு மேல்பயிற்சிக்குப் போன முத்துலட்சுமி ரெட்டி, கணவரையும் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு போனார். கணவர் சுந்தர ரெட்டியும் டாக்டர். இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி பின்னாளில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நடத்தியவர். அந்த அம்மையாரின் சாதனைப் பட்டியலைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். லண்டனில் அந்தப் பிள்ளைகளுக்குக் காலையில் யார் சோறு ஊட்டினார் என்று பாடத்தில் வந்ததில்லை.

விசா புதுப்பிக்க ஜெர்மன் அரசு என்னிடம் பணக் கணக்கு கேட்கும். மாணவர் ஒருவருக்கு மாதம் 992 யூரோ, 2024 செப்டம்பர் முதல், பிள்ளைக்குத் தனியே. வாடகை, காப்பீடு, சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் அதில் வரி உண்டு. அம்மாவின் 90 நாளுக்கு இல்லை. அந்தக் கார் சாகுபடியில் ஆள் பிந்திக் கிடைத்து நடவு தள்ளிப்போனதற்கும், அத்தை வீட்டுப் பாலுக்கும் இல்லை. "எங்கம்மா வந்து பாத்துக்கிட்டாங்க" என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதோடு சரி. இந்தச் செலவை நாங்களும் எழுதியதில்லை.

இந்த வருடமும் பரீட்சை ஜூலையில்தான். மெதுவாகப் பேச்செடுத்தேன்.

"ஆனி ஆடியில கூப்பிடாதளா" என்றார் அம்மா. "நடவ முடிச்சுட்டு, சாரல்ல ஒரு நாளாவது குளிச்சுட்டு, ஆவணில வாரேன். பிள்ளைக்கு அப்பன் இருக்காம்லா?"

இருக்கிறார். ஜூலை மாதம் மட்டும் பகல் ஷிப்ட் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். கிடைத்தால் இரவுப்படி போய்விடும். அந்த மாத வாடகைக்கு வேறு வழி பார்க்க வேண்டும். மேற்பார்வையாளர் இன்னும் பதில் சொல்லவில்லை.

(தொடரும்)