வானொலியாளரின் முகவரிப் பேரேடு

கடிதம் போய்ச் சேர முகவரி வேண்டும் என்பதை நாம் அறிவோம். இணையத்தில் கணிப்பொறிகளுக்கும் அவ்வாறே எண் முகவரிகள் உண்டு. 1981-ஆம் ஆண்டில், அமெரிக்க வானொலி ஆர்வலர் ஹாங்க் மாக்னஸ்கி, 44 என்று தொடங்கும் முகவரிகள் அனைத்தையும் உலகின் அமெச்சூர் வானொலியாளருக்கெனக் கேட்டுப் பெற்றார். அவை 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்டவை!

எண்களை நினைவில் வைப்பது நமக்குக் கடினம். ஆகவே, உரிமம் பெற்றவரின் அழைப்புக் குறியோடு 'ஆம்பர்.ஆர்க்' என்பதைச் சேர்த்துப் பெயராக்கினார்கள். எந்தப் பெயருக்கு எந்த எண் என்னும் பதிவேட்டைத் தன்னார்வலர்கள் ஊதியம் பெறாமல் பேணி வந்தனர். ஓர் எண்ணை இருவருக்குக் கொடுத்தாலோ, பழைய பதிவை நீக்க மறந்தாலோ, செய்தி வேறு வாசலுக்குப் போய்விடுமன்றோ?

2019-இல் இம்முகவரிகளில் கால் பங்கு அமேசான் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பொதுச் சொத்தை விற்கலாமா என்று வானொலியாளர் சிலர் மனம் வருந்திக் கேட்டனர். கிடைத்த 10 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை முதலீடு செய்து, அதன் பயனாகக் கல்வி உதவித்தொகையும் ஆராய்ச்சி நிதியும் வழங்கி வருகின்றனர். எனினும் அக்கேள்வி நியாயமானதே. பலருக்குச் சொந்தமானதைச் சிலர் காக்கும்போது, கணக்கு யாவரும் காணத் திறந்திருக்க வேண்டும். நம் வகுப்புப் பதிவேட்டுக்கும் இது பொருந்தும்.