நேராகப் பறந்தால் போதும்: டிஸ்க் கோல்ஃபில் 'பட்டர்' தட்டுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

2021 ஜூன் மாதம். அமெரிக்காவின் யூட்டா மாநிலம், ஆக்டன் நகரம். டிஸ்க் கோல்ஃப் உலக சாம்பியன்ஷிப்பின் கடைசி நாள், கடைசி ஹோல். ஏற்கெனவே ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற பால் மெக்பெத் ஒரே ஒரு வீச்சு முன்னிலையில் இருக்கிறார். அவரைத் துரத்திக்கொண்டிருந்த ஜேம்ஸ் கான்ராடுக்கும் கூடைக்கும் நடுவே 247 அடி, அதாவது சுமார் 75 மீட்டர். அங்கிருந்து நேராகக் கூடைக்குள் போட்டால்தான் ஆட்டத்தில் உயிர் இருக்கும்.

போட்டார். தட்டு சங்கிலியில் மோதி கூடைக்குள் விழுந்தது. ஆட்டம் பிளே-ஆஃபுக்குப் போக, அதில் கான்ராட் சாம்பியன். அந்த விளையாட்டின் ரசிகர்கள் இன்றும் அதை 'ஹோலி ஷாட்' என்றுதான் சொல்கிறார்கள்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அன்று அவர் வீசியது அதிவேகத் தட்டு அல்ல. 'என்வி' என்ற மாடல் பட்டர். பையில் இருப்பதிலேயே மெதுவாகப் பறக்கும் ரகம்.

(பட்டர் என்றதும் பன்னும் டீயும் நினைவுக்கு வர வேண்டாம். கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் தட்டிவிடும் மட்டைக்கு என்ன பெயரோ, அதே பெயர்தான் இங்கே தட்டுக்கும்.)

அது என்ன விளையாட்டு?

கோல்ஃப் மாதிரியேதான். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. குறைவான வீச்சுகளில் முடிப்பவர் வெற்றியாளர். அந்தச் சங்கிலிக் கூடையை உருவாக்கி 1970-களில் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்காவின் எட் ஹெட்ரிக். 2002-ல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகள் செய்தார்கள். அந்த அளவுக்கு மனுஷனுக்குத் தட்டுப் பித்து!

சென்னை கடற்கரையில் அல்டிமேட் ஃபிரிஸ்பி ஆடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தட்டு சுமார் 27 செ.மீ. அகலம், 175 கிராம் எடை. பட்டரும் கிட்டத்தட்ட அதே எடைதான், ஆனால் அகலம் 21 செ.மீ. சொச்சம். கையில் வாங்கினால் கனமான மூடி மாதிரி இருக்கும்.

நேராகப் பறப்பதில் என்ன கஷ்டம்?

நிறையவே கஷ்டம். சுழலும் தட்டுக்கு வளைவதுதான் இயல்பு.

பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுழலாத பம்பரத்தைச் சாய்த்தால் பொத்தென்று விழும். சுழலும் பம்பரம் விழாது. தலையை வட்டமாக ஆட்டும். அதாவது, தள்ளுவது ஒரு பக்கம், அது நகர்வது அதற்குச் செங்குத்தான இன்னொரு பக்கம். பறக்கும் தட்டிலும் இதே கதைதான். காற்று அதன் மூக்கை மேலே தூக்கினால், தட்டு மேலே போகாமல் பக்கவாட்டில் சாய்கிறது.

வலது கைக்காரர் வழக்கமான பேக்ஹேண்ட் முறையில் வீசும் தட்டை எடுத்துக்கொள்வோம். வேகமாகப் போகும்போது காற்று தட்டின் பின்பாதியை அதிகமாகத் தூக்கும். தட்டு வலப்பக்கம் சாயும். வேகம் குறைந்ததும் முன்பாதியில் தூக்கல் கூடும். தட்டு இடப்பக்கம் சரிந்து இறங்கும். முதல் வளைவுக்கு 'டர்ன்', இரண்டாவதற்கு 'ஃபேட்' என்று பெயர். இடது கைக்காரர்களுக்கு எல்லாமே தலைகீழ்.

நேராகப் பறக்கும் பட்டர் என்றால் இந்த இரண்டு இழுப்புகளையும் முடிந்தவரை குறைத்துச் செய்த தட்டு. விளிம்பு கூர்மையாக இல்லாமல் மழுங்கி இருக்கும், குழிவு ஆழமாக இருக்கும். இதனால் காற்றைக் கிழித்துக்கொண்டு பாயாது. நிதானமாகப் போகும், சொன்ன இடத்தில் இறங்கும், இறங்கிய பிறகு அதிகம் வழுக்கி ஓடாது. கூடைக்குப் பக்கத்தில் நிறுத்துவதற்கு வீசும் 'அப்ரோச்' ஷாட்டுக்கு வேண்டியது இதுதானே?

தட்டின் மேல் நான்கு எண்கள் இருக்கும்: ஸ்பீட், கிளைடு, டர்ன், ஃபேட். 'ஏவியர்' என்ற பழம்பெரும் பட்டருக்கு 2, 3, 0, 1. 'ஜட்ஜ்' என்ற மாடலுக்கு 2, 4, 0, 1. மூன்றாவது எண் பூஜ்ஜியம், நான்காவது ஒன்று என்றால் கடைசியில் லேசாக மட்டும் இடப்பக்கம் சரியும், மற்றபடி நேர்தான். 12 முறை உலக சாம்பியனான கென் கிளைமோவின் பெயரிலேயே ஏவியர் வகைத் தட்டு வந்தது என்றால் அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

புதியவர்கள் சறுக்கும் இடம்

கடைக்குப் போனதும் கண்ணை இழுப்பது ஸ்பீட் 12, 13 என்று எழுதிய டிரைவர் தட்டுகள்தான். பைக் வாங்கும்போது சிசி பார்ப்பது மாதிரி! ஆனால் அந்தத் தட்டுக்குத் தேவையான கைவேகம் புதியவர்களிடம் இருக்காது. வேகம் போதாததால் தட்டு கிளம்பியதுமே 'ஃபேட்' கட்டத்துக்குப் போய், இடப்பக்கம் திரும்பி மண்ணைக் கவ்வும். பழி தட்டின் மேல்.

நேரான பட்டர் அப்படி ஏமாற்றாது. அதே நேரம் தயவும் காட்டாது. விடும்போது மணிக்கட்டு கொஞ்சம் சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வை அப்படியே பறந்து காட்டிக் கொடுத்துவிடும். முதல் தட்டாக இதையே வாங்கச் சொல்வதற்குக் காரணம் அதுதான். விலையும் கையைக் கடிக்காது. அமெரிக்காவில் சாதாரண பிளாஸ்டிக்கில் சுமார் 10 டாலருக்கே கிடைக்கும்.

காற்று வந்தால்?

இங்கேதான் சிக்கல். எதிர்க்காற்று அடிக்கும்போது தட்டைப் பொறுத்தவரை அது கூடுதல் வேகத்தில் பறக்கிறது என்று அர்த்தம். நேரான பட்டர் அப்போது வலப்பக்கம் புரண்டுவிடும். அதனால் அனுபவசாலிகள் பையில் 'ஓவர்ஸ்டேபிள்' என்ற, பிடிவாதமாக இடப்பக்கமே திரும்பும் இன்னொரு பட்டரும் இருக்கும். விளிம்பின் அடியில் சின்ன மேடாக ஓடும் 'பீட்' உள்ள மாடல்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் சாய்பவை.

தேய்மானம் இன்னொரு தலைவலி. சங்கிலியில் நன்றாக ஒட்டிப் பிடிக்க வேண்டும் என்பதால் பட்டருக்குப் பலர் மென்மையான, விலை குறைந்த பிளாஸ்டிக்கையே விரும்புகிறார்கள். அது மரத்திலும் கல்லிலும் அடிபட்டு விளிம்பு தேயத் தேய, பறக்கும் விதமே மாறும். நேராகப் போனது வலப்பக்கம் சாய ஆரம்பிக்கும். கூடைக்கு 10 மீட்டருக்குள் நின்று போடும் 'பட்' வீச்சில் இந்த மாற்றம் பெரிதாகத் தெரியாது. 60, 70 மீட்டர் அப்ரோச்சில் நன்றாகவே தெரியும்.

அதனால்தான் பலரும் ஒரே மாடலில் குறைந்தது இரண்டு வாங்கி வைக்கிறார்கள். ஒன்று கூடைக்கு மட்டும். தூர வீச்சுக்கு இன்னொன்று, அதுவும் பெரும்பாலும் சீக்கிரம் தேயாத கெட்டியான பிளாஸ்டிக்கில்.