அசல் புவெப்லோ பானையைக் கண்டுகொள்வது எப்படி?

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா செல்லும் நம் அன்பர்கள் சிலர் நியூ மெக்ஸிகோ, அரிஸோனா பக்கம் சுற்றிவிட்டு, பூர்வகுடி மக்களின் பானை என்று ஒன்றைப் பத்திரமாகச் சுற்றி எடுத்து வருகிறார்கள். அது கையால் செய்ததா, அச்சில் வார்த்ததா என்று பார்த்து வாங்கியவர்கள் குறைவு.

அங்குள்ள புவெப்லோ கிராமத்தார் திரிகை இல்லாமல் பானை செய்பவர்கள். மண்ணைக் கயிறு போல் உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, சுரண்டி மெலிதாக்குவார்கள். அக்கோமா ஊரில் பழைய பானை ஓட்டை இடித்துக் களிமண்ணில் கலப்பது வழக்கம். வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, யூக்கா இலை நாரால் கோலம் தீட்டி, திறந்த வெளியில் சுடுவார்கள். கறுப்புப் பானைக்குச் சாயம் கிடையாது. எரியும் தீயின்மேல் பொடித்த சாணத்தைக் கொட்டி மூடினால் காற்று தடைபட்டு, புகையில் செம்மண் கறுத்துவிடும். ஸான் இல்டெஃபான்ஸோ ஊரின் மரியா மார்ட்டினெஸும் கணவர் ஜூலியனும் 1919 வாக்கில் பளபளக்கும் கறுப்பின்மேல் மங்கல் கறுப்பில் கோலமிட்டு உலகப் புகழ் பெற்றனர்.

ரயில்வேக்காரனான எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. 1880ல் அங்கே ரயில் வந்ததும் தகரப் பாத்திரங்கள் வந்திறங்கின. தண்ணீர்ப் பானைக்கு மவுசு குறைந்தது. ஆனால் அக்கோமா, லகூனா ஊர்ப் பெண்கள் ரயிலடிக்கே வந்து, பயணிகள் தூக்கிச் செல்லத் தோதாகச் சின்னப் பானைகள் செய்து விற்றார்கள்!

இனி போலி. கூழ்க்களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி வார்த்து, மின்சூளையில் சுட்டு, மேலே கோலம் தீட்டி விற்கிறார்கள். சீட்டில் 'கையால் தீட்டியது' என்றிருக்கும். பொய்யில்லை, கையால் செய்தது என்று நினைத்துக்கொள்வது நாம்தான். வாய் வழியாக உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். கைவேலையில் மேடுபள்ளம், கனத்தில் சிறு வேறுபாடு தட்டுப்படும். அச்சில் எல்லாம் ஒரே சீர். சிலவற்றில் பக்கவாட்டில் மூட்டுக் கோடும் தெரியும். பக்கத்திலேயே அதே அளவில் பத்துப் பானை இருந்தால் சந்தேகப்படுங்கள். கையால் செய்துவிட்டு மின்சூளையில் சுடுவோரும் உண்டு. கேட்டால் சொல்லிவிடுவார்கள், விலையும் குறையும்.

பூர்வகுடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் ஸாண்டா ஃபேயில் கவர்னர் மாளிகைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து விற்கும் கலைஞர்களிடமோ, 1922ல் தொடங்கிய ஆகஸ்ட் மாதச் சந்தையிலோ நேரில் வாங்குவதே மேல். அங்கே போய் நம் மார்க்கெட் பழக்கத்தில் பாதி விலைக்குக் கேட்காதீர்கள். பல நாள் உழைப்பு சூளையில் ஒரு நொடியில் விரிசல் விட்டுப் போவதுண்டு. அந்த நஷ்டத்தை அச்சுக்காரர் அறியமாட்டார்.

வீட்டில் அதில் தண்ணீரோ பூவோ வைக்கக்கூடாது, கழுவவும் கூடாது. ஈரம் மெருகைக் கெடுத்துவிடும். விளிம்பைப் பிடித்துத் தூக்காமல், அடியில் இரு கையும் கொடுத்து எடுங்கள். அடி சமமாக இல்லாவிட்டால் நம் பிரிமணையே போதும்.