உங்களுக்குத் தெரியுமா? 15 இலக்க எண்ணுக்கு ஒரு காவல்காரன்!

சென்னையிலிருந்து தண்டலம், ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் சுங்குவார்சத்திரம். அங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் உருவாகும் ஐபோன் உட்பட, எல்லா செல்போனுக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. அதன் கடைசி இலக்கம்தான் காவல்காரன்!

● இடமிருந்து 2, 4, 6 என 14 வரையுள்ள இரட்டைப்படை இடத்து இலக்கங்களை இரட்டிப்பாக்குங்கள். விடை 14 போல ஈரிலக்கமாக வந்தால் 1+4=5 என எடுங்கள். மற்ற இலக்கங்களையும் சேர்த்துக் கூட்டினால், மொத்தம் 10ஆல் மீதமின்றி வகுபடும்; அப்படி வகுபடச் செய்வதுதான் கடைசி இலக்கத்தின் வேலை.

● ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தாலும் வகுபடாது. பிழை உடனே சிக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் சிக்கும். 0, 9 ஜோடி மட்டும் தப்பிவிடும்.

● இம்முறையை வகுத்த ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூனுக்கு 1960இல் காப்புரிமை கிடைத்தது. வங்கி அட்டை எண்களிலும் இதே கணக்குதான்.

● உங்கள் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பார்த்துச் சோதிக்க, செல்போனில் *#06# அழுத்துங்கள்!