இழுப்போசை ஓய்ந்தால் ஆபத்து ஓய்ந்ததா?



நள்ளிரவு. வீட்டுப் பெரியவர் படுக்கையிலிருந்து திடுக்கிட்டு எழுகிறார். இரு கைகளையும் முழங்கால்மேல் ஊன்றி, தோள்கள் உயர, மூச்சுக்குத் திணறுகிறார். நெஞ்சிலிருந்து சீழ்க்கை போன்ற ஓசை எழுகின்றது. "வழக்கமான தொய்வுதானே, விடிந்ததும் பார்ப்போம்" என்கின்றனர் வீட்டார். சற்று நேரத்தில் ஓசை அடங்குகின்றது. பெரியவர் சோர்ந்து கண் மூடுகிறார். "அப்பாடா, ஐயா நித்திரையாகிவிட்டார்" என்று எல்லாரும் ஆறுதலடைகின்றனர். நேயர்களே, அந்த அமைதியே அஞ்சத்தக்கது.

காரணம் யாது? ஆஸ்துமா எனப்படும் தொய்வு நோய் மூளும்போது சுவாசக் குழாய்களைச் சூழ்ந்த தசைகள் இறுகுகின்றன. குழாயின் உட்சுவர் வீங்குகின்றது. சளி சுரந்து வழியை அடைக்கின்றது. ஒடுங்கிய அவ்வழியே காற்று நெருக்குண்டு செல்லும்போது எழுவதே இழுப்போசை. ஊதினாலன்றோ குழல் ஒலிக்கும்? காற்றே செல்லாவிடின் ஓசை ஏது? ஆகவே, மூச்சு எளிதாகாமல் ஓசை மட்டும் ஓய்வது உயிராபத்தின் அறிகுறியாகும்.

நோய் கடுமையாவதை அறிய வேறு அடையாளங்களும் உள. ஒரு வசனத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்க இயலாமை ஒன்று. வளர்ந்தவர் நிமிஷத்துக்கு 25 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிடுதல் மற்றொன்று. குழந்தையாயின் விலா எலும்புகளின் இடைவெளி உட்குழியும். பால் குடிக்கவும் இயலாது. உதடு நீலம் பாய்தல், அறிவு தடுமாறுதல், துவண்டு சாய்தல் ஆகியவை தோன்றினாலோ ஒரு கணமும் தாமதித்தலாகாது.

இனி, செய்ய வேண்டியதைக் கூறுவேன். நோயாளியை நிமிர்ந்து உட்காரச் செய்யுங்கள், படுக்க வைக்காதீர்கள். வைத்தியர் கொடுத்த சல்பியூட்டமோல் இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசர் என்னும் குடுவையிற் பொருத்தி, ஒரு முறை அழுத்துங்கள். அம்மருந்தை நான்கு மூச்சுகளில் உள்ளிழுக்கச் சொல்லுங்கள். இவ்வாறு நான்கு முறை. பின்னர் நான்கு நிமிஷம் பொறுத்து, தணியாவிடின் மீண்டும் நான்கு முறை. அப்போதும் தணியாவிடின் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள். வண்டி வரும்வரை இம்முறையைத் தொடருங்கள். முன்னர்க் கூறிய ஆபத்துக் குறிகள் தென்படின், அல்லது இன்ஹேலர் கைவசம் இல்லையாயின், காத்திராமல் உடனே அழைத்தல் வேண்டும். சாம்பிராணிப் புகையை அண்டவிடாதீர்கள். நித்திரை மாத்திரை கொடுக்காதீர்கள். அது மூச்சையே மேலும் தளர்த்தக்கூடும்.

"இன்ஹேலர் பழகிவிட்டால் விடமுடியாது" என்னும் அச்சம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. இவ்வச்சம் ஆதாரமற்றது. மாத்திரையினும் மிகச் சிறிய அளவு மருந்தே இன்ஹேலர்வழி நேரே சுவாசக் குழாயைச் சென்றடைகின்றது. ஆனால், இழுப்பைத் தணிக்கும் மருந்து வீக்கத்தைப் போக்காது. வீக்கத்தை அடக்குவது வைத்தியர் தரும் தடுப்பு இன்ஹேலரே. சுகமான நாட்களிலும் அதனை அவர் சொன்னபடி கைவிடாது எடுப்பவருக்கு இத்தகைய நள்ளிரவுகள் அரிதாகும். ஒரு முறை கடுமையாக இழுத்துத் தணிந்தவரும் ஓரிரு நாளில் வைத்தியரைக் காணல் வேண்டும்.

இன்றிரவு உறங்குமுன், உங்கள் வீட்டு இன்ஹேலரில் மருந்து எஞ்சியுள்ளதா, அஃது எங்கே இருக்கின்றது என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.