தேடுபவரின் சொல் எது?

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் விளையும் ஒரு கிழங்குக்கு எத்தனை பெயர்கள்! பாடநூலில் அது மரவள்ளி, ஊர்ப்பேச்சில் குச்சிக்கிழங்கு. ஆத்தூர், இராசிபுரம் பகுதி ஆலைகளில் அதிலிருந்து உருவாவது சேகோ. மளிகைக் கடையில் அதுவே ஜவ்வரிசி. அதை விரத உணவாக விரும்பி உண்ணும் மகாராட்டிர மக்களுக்கு அது சாபுதானா. சேலத்தில் 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக விற்பனையாகும் இப்பொருளுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதை இணையத்தில் விற்க விரும்பும் ஒருவர், தம் பக்கத்தில் 'மரவள்ளி மாவுப்பொருள் உருண்டைகள்' என்று எழுதினால் என்ன ஆகும்? எழுத்தில் பிழை இல்லை. ஆனால் வாங்க நினைப்பவர் அந்தச் சொல்லால் தேடமாட்டார். தேடுபெட்டியில் மக்கள் இடும் சொல்லையே தேடுசொல் அல்லது கீவேர்டு என்கிறோம். எந்தச் சொல்லை, எந்தக் காலத்தில், எந்தப் பகுதியினர் அதிகம் தேடுகின்றனர் என்று காட்ட இலவசக் கருவிகள் உள்ளன.

அவற்றுள் எளியது 2006இல் வந்த கூகுள் டிரெண்ட்ஸ். இதற்குக் கணக்கு எதுவும் தேவையில்லை. ஆனால் இது காட்டும் எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். 100 என்றால் நூறு பேர் தேடினர் என்று பொருளல்ல; தேர்ந்தெடுத்த காலத்தில் ஆர்வம் உச்சத்தில் இருந்த புள்ளி அது. 50 என்றால் அந்த உச்சத்தில் பாதி. ஏழாம் வகுப்பு மாணவருக்கும் விகிதத்தை விளக்க இது நல்ல வாய்ப்பு.

மற்றொன்று கூகுள் விளம்பரக் கணக்கினுள் இருக்கும் கீவேர்டு பிளானர். ஒரு சொல் மாதத்துக்குச் சராசரியாக எத்தனை முறை தேடப்படுகிறது, அதற்கு விளம்பரதாரர்களிடையே எவ்வளவு போட்டி, ஒரு சொடுக்குக்கு எவ்வளவு தொகை கேட்கின்றனர் என்பவற்றை இது மதிப்பிட்டுச் சொல்லும். வயது வந்தோருக்கான கணக்கு என்பதால் மாணவர்களிடம் இதைத் தர வேண்டாம்.

சொல்லுக்கு ஏன் விலை? ஒவ்வொரு தேடலின்போதும் நொடிக்குள் ஓர் ஏலம் நடக்கிறது. திருச்செங்கோட்டு மஞ்சள் ஏலம் நமக்குத் தெரியும். இங்கே ஏலம் போவது தேடல் பக்கத்தின் இடம். கூடுதல் தொகை சொன்னவரே வெல்வார் என்பதில்லை. விளம்பரம் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதும் கணக்கில் சேரும். பயனர் சொடுக்கினால்தான் பெரும்பாலும் கட்டணம். அதனால்தான் முதலில் தெரியும் சில முடிவுகளில் 'ஸ்பான்சர்டு' என்ற குறிப்பு இருக்கிறது.

இந்தக் குறிப்பைப் பார்க்கப் பழகாத மாணவர் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுக்குப் பின் கல்லூரி, கல்வி உதவித்தொகை, கல்விக்கடன் எனத் தேடும்போது, முதலில் வந்ததே சிறந்தது, அதுவே அரசுப் பக்கம் என்று நம்பிவிடக்கூடும். விண்ணப்பக் கட்டணத்தைத் தவறான இடத்தில் கட்டிவிட்டால் இழப்பு அந்தக் குடும்பத்துக்குத்தான். முதல் இடம் என்பது உண்மைக்கான சான்று அல்ல என்பதை நாம் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு பாடவேளையில் இதைச் செய்யலாம். மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, முட்டை, ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு, ஆழ்துளைக் கிணறு என ஊர்த்தொழில் ஒன்றைக் கொடுங்கள். அதற்கு வீட்டில், கடையில், பாடநூலில், பிற மாநிலங்களில் வழங்கும் பெயர்களை எழுதட்டும். பிறகு டிரெண்ட்ஸில் இரண்டிரண்டாக ஒப்பிடட்டும். சாபுதானாவின் கோடு நவராத்திரி, சிவராத்திரிக் காலங்களில் உயர்கிறதா என்று முதலில் ஊகித்துப் பின் சரிபார்க்கட்டும். இறுதியில் அப்பொருளை அறிமுகப்படுத்தி ஐந்து வரி எழுதட்டும். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிப்பதைத் தேடுபொறி குறையாகவே கருதும், வாசிப்பவருக்கும் சலிப்பு.

பாடக்குறிப்புகளை இணையத்தில் பதியும் ஆசிரியர்களுக்கும் இது உதவும். 'ஒளிச்சேர்க்கை வினாவிடை' என்று மாணவர் தேடுகிறார் என்றால், தலைப்பும் அப்படியே இருக்கட்டும். கூகுளின் விளம்பர வருவாய்த் திட்டமான ஆட்சென்ஸ் இந்திக்கு 2014இலும் தமிழுக்கு 2018இலும் வந்தது. ஆனால் வருவாயை மட்டும் பார்த்துத் தலைப்பைத் தேர்ந்தால் விலை உயர்ந்த சொற்களைச் சுற்றியே எழுத நேரும்.

பல தமிழ்ச் சொற்களுக்குக் கருவி 'போதிய தரவு இல்லை' என்று காட்டும். தேவையே இல்லை என்று அதற்குப் பொருளல்ல. தமிழில் கிடைக்காது என்று எண்ணி மாணவர் தேடாமலே விட்டிருக்கலாம்; ஆங்கில எழுத்தில் தட்டியிருக்கலாம். தேடியவர்களை மட்டுமே கருவி எண்ணும். தேடாமல் விட்டவர் யார் என்பது வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்குத்தான் தெரியும். அவருக்காகவும் எழுதுவோம்.